கல்லைப் பழக்கியவர்கள்

துருப்பிடித்த தோசைக்கல்லை மீட்பது எப்படி என்று இப்போது எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். வார இதழின் இணைப்பில் ஒரு பக்கம் வருகிறது. மரபுப் பாத்திரக் கடைகள் பொருளோடு ஒரு துண்டுத்தாளும் சேர்த்துக் கொடுக்கின்றன. காணொலிகளுக்குக் கணக்கே இல்லை. எல்லாவற்றுக்கும் வடிவம் ஒன்றுதான். பரணிலிருந்து இறக்கிய கல், செங்காவி நிறத்தில், பொருக்குத் தட்டிப்போய். பிறகு தேய்ப்பு, கழுவல், எண்ணெய், தீ. கடைசியில் கன்னங்கரேலென்ற கல்லின்மேல் வெள்ளை மாவு வட்டமாகப் பரவுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் பார்க்கிறேன், ரசிக்கிறேன்.

எனக்குள்ள சிக்கல் இந்தக் கதை தொடங்கும் இடத்தில். இவை எல்லாமே துருவிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு முன்னால் அந்தக் கல் முப்பது நாற்பது வருஷம் துருப்பிடிக்காமல் இருந்திருக்கிறது. யார் அப்படி வைத்திருந்தார்கள் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. துரு ஏன் வந்தது என்பதற்கு மட்டும் தயாராக ஒரு பதில் உண்டு: "கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்." விட்டது யார் என்று வாக்கியம் சொல்லவில்லை. ஆனால் கவனித்திருக்க வேண்டியவள் யார் என்பதில் படிக்கிற ஒருவருக்கும் குழப்பம் வராது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வேலை தெரியாமல் அதைப் பற்றிய பேச்சை எடைபோட முடியாது.

வார்ப்பிரும்பு என்பது உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி எடுப்பது. அதில் 2 முதல் 4 சதவீதம் கரி இருக்கும். அதனால்தான் அது தட்டினால் வளையாமல் கீழே போட்டால் உடைகிறது. கனம் அதிகம், சூடேற நேரமாகும், ஏறிய சூட்டை விடாது. தோசைக்கு வேண்டியது அதுதான். மாவை ஊற்றியதும் கல் குளிர்ந்துபோகக் கூடாது. ஆனால் ஈரம் பட்டால் ஒரே இரவில் சிவந்துவிடும். அலுமினியத்தின்மேல் படியும் ஆக்சைடு ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்பின் துரு அப்படியில்லை, உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு காற்றுக்குக் காட்டிக்கொடுக்கப்படும்.

லேசான துருவென்றால் கல்லுப்பும் தேங்காய் நாரும் போதும். கெட்டியான துருவுக்கு அமிலம் வேண்டும். பாதிக்குப் பாதி வினிகரும் தண்ணீரும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அதிக நேரம் விட்டால் துருவோடு இரும்பையும் தின்றுவிடும். நம் வீடுகளில் புளித்தண்ணீரும் புளித்த கஞ்சியும் இதே வேலையைத்தான் செய்தன, மெதுவாக, இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு. கழுவிய கையோடு அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்ட வேண்டும். அப்புறம் எண்ணெய். பூசுவதைவிடத் துடைப்பதுதான் முக்கியம். பூசிய எண்ணெய் முழுவதையும் எடுத்துவிடப் பார்ப்பதுபோலத் துடைத்து, புகை வரும்வரை காயவிட்டு, ஆறவிட்டு, மறுபடி. நான்கைந்து முறை. எண்ணெயின் நிறைவுறாத கொழுப்பமிலங்கள் சூட்டில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகிய படலமாகிவிடுகின்றன. அதன் பிறகு அது எண்ணெயே இல்லை, விரலில் ஒட்டாது. நல்லெண்ணெய் இதற்குச் சரிப்பட்டு வரும். தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பே மிகுதி என்பதால் அவ்வளவாக இறுகாது. கனமாகப் பூசினால் படலம் ஆகாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

மிக மெல்லிய பூச்சு என்பதை வழிகாட்டிகள் ஏதோ ரகசியம்போலச் சொல்கிறார்கள். பாதியாக வெட்டிய வெங்காயத்தைக் கத்தி நுனியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் கல்லில் ஒரு சுற்றுத் தேய்த்தார்களே, அது மெல்லிய பூச்சு இல்லாமல் வேறென்ன? ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பூச்சு, வருஷக்கணக்காக. அதை யாரும் நுட்பம் என்று சொன்னதில்லை. தோசை சுடுவது என்றுதான் சொன்னார்கள்.

இந்த வேலைக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. கல்லைப் பழக்குவது. "கல் இன்னும் பழகல", "பழகின கல்லு, யாருக்கும் குடுத்துடாத." மாட்டை ஏருக்குப் பழக்குவதும் இந்தச் சொல்தான். மருமகள் வீட்டுக்குப் பழகுவதும் இந்தச் சொல்தான். "புதுக் கல்லு ஒட்டத்தான் செய்யும், பழகினா சரியாயிடும்" என்று என் பெரியம்மா என்னிடம் சொன்னபோது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அடுப்பில் கல் எதுவும் இல்லை. மீட்டெடுக்கும் கதைகள் இந்தச் சொல்லை இப்போது ஆசையாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. அதன் இன்னொரு பாதியை விட்டுவிட்டன. கல்லைப் பழக்குகிறவளும் சேர்ந்து பழக்கப்படுகிறாள். எவ்வளவு சூட்டில் தண்ணீர் தெளித்தால் எந்தச் சத்தம் வரும் என்று காது பழகுகிறது. முன்கையில் வரிசையாகச் சூட்டுத் தழும்பு விழுகிறது.

தோசையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுடுகிறவள் சாப்பிடுகிறவர்களோடு உட்கார முடியாத பலகாரம் அது. இட்லியை அவித்துக் கொட்டிவிட்டு எல்லோரோடும் இலையில் உட்காரலாம். தோசையை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடியும், சூடாகத்தான் கேட்பார்கள். கடைசித் தோசை அவளுடையது, அது ஆறியிருக்கும், சட்னி தீர்ந்திருக்கும். ஒரே ஒரு கல் உள்ள வீட்டில் அந்தக் கல் ஒருத்தியை நிற்கவைக்கிற கருவியும்தான்.

என் அம்மா 41 வருஷம் அப்படி நின்றாள். அப்பாவுக்கு இரவில் தோசை வேண்டும், கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு. கெட்டவரில்லை. குரலை உயர்த்தியதில்லை. "இன்னொண்ணு போடேன்" என்பார், அவ்வளவுதான். அப்பா போன பிறகு ஆறு வருஷம் அம்மா தனியாக இருந்தாள். ஒரு நாளும் கல்லை அடுப்பில் ஏற்றவில்லை. மதியம் வடித்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, வாடகை நூலகத்தில் எடுத்துவந்த நாவலோடு கூடத்தில் உட்கார்ந்துகொள்வாள். உறவினர்கள் பரிதாபப்பட்டார்கள். "பாவம், அவர் போனதும் வாய்க்கு ருசியா திங்கறதையே விட்டுட்டா." நான் கேட்டபோது அம்மா, "ஏழு மணிக்கு மேல உக்காந்திருக்கறது இப்பத்தாண்டி" என்றாள். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அவள் இறந்த பிறகு பின்கட்டு அலமாரியில் அந்தக் கல் கிடைத்தது. நடுவில் உள்ளங்கையளவு துரு, ஓரமெல்லாம் செம்புள்ளி. பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: எப்படி இருந்த கல், இப்படி வீணாப்போச்சே. எனக்கு அது வீணாய்ப்போனதாகத் தெரியவில்லை. அம்மா உட்கார்ந்திருந்த ஆறு வருஷம் அந்தக் கல்லின்மேல் படிந்திருந்தது. துருவை அலட்சியம் என்றும் இழப்பு என்றும் மரபு அழிவதன் அடையாளம் என்றும் படிக்கிற பேச்சுக்கெல்லாம் இந்த வாசிப்பு எட்டுவதே இல்லை. ஒரு பெண் ஒரு வேலையை வேண்டுமென்றே நிறுத்தியிருக்கலாம் என்பது அவர்களுடைய யோசனையில் இல்லை.

வீட்டுப் பங்கு பேசியபோது அண்ணன் சொன்னார், "பாத்திரமெல்லாம் நீயே எடுத்துக்கோம்மா, உனக்குத்தானே அதோட அருமை தெரியும்." உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு அது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. பெண்வழியாகக் கைமாறும் சொத்து என்று பழைய கல்லையும் பணியாரச் சட்டியையும் கொண்டாடி எழுதும்போது, அந்தப் பெண்கள் கையில் வேறென்ன கைமாறியது என்று ஒரு வரி சேர்த்து எழுதலாம். அருமை என்ற சொல்லைக் கேட்டாலே நான் இப்போது பட்டாவைத் தேடுகிறேன்.

கல்லை நான் மீட்டேன். இரண்டு மாலை ஆனது. புளித்தண்ணீரில் ஊறவைத்து, நாரால் தேய்த்து, ஐந்து முறை நல்லெண்ணெய் பூசிக் காய்ச்சினேன். வீட்டில் எல்லோரும் வந்து நின்று பார்த்தார்கள், என் கணவர் படம் எடுத்தார். இப்போது எங்கள் வீட்டில் தோசை சுடுவது முறைவைத்து நடக்கிறது. நானும் சூடாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஆனால் சுட்டு முடித்த கல்லைத் துடைத்து, ஈரம் ஓட்டி, எண்ணெய்க் கை வைத்து எடுத்துவைப்பது மட்டும் இன்னும் எந்த முறைக்குள்ளும் வரவில்லை. மூன்று நிமிட வேலை. அதற்கு யாரும் படம் எடுப்பதில்லை.

மூன்று நிமிடம் என்பதைச் சும்மா சொல்லவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நாளை அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்குள் பத்து நிமிடமாவது நீடித்த வேலையைக் குறிக்கிறது. 2019இல், சொந்த வீட்டுக்கான ஊதியமில்லா வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாக அது சொன்னது. 2024 கணக்கில் 289, 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். கல்லைத் துடைப்பது இந்த 289க்குள் தனியாகத் தெரியாது. மாவு பொங்குகிறதா என்று எட்டிப் பார்ப்பது, உளுந்து ஊறப்போட நினைவு வைத்திருப்பது, இவையும் தெரியாது. துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது இப்படி எண்ணிக்கைக்குக் கீழே நடக்கிற வேலை. துருவை எடுப்பது எண்ணிக்கைக்கு மேலே எழுந்து நிற்கும் வேலை. ஆண்கள் இந்த இரண்டாவது வேலைக்கு வருகிறார்கள். கையுறை, கம்பித் தூரிகை, துளைக்கருவியில் மாட்டிய தேய்ப்புச் சக்கரம், பாட்டரி மின்சாரத்தில் துருவைப் பிரித்தெடுக்கும் முறை. வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வந்தவர்கள் மறுநாள் இரவும் வர வேண்டும்.

இதே வேலை வாசலைத் தாண்டினால் என்ன ஆகிறது என்பதை எந்த ஓட்டலிலும் பார்க்கலாம். கனத்த இரும்புத் தகட்டின்மேல் தண்ணீரைத் தெளித்து, துடைப்பத்தால் ஒரு வீச்சு வீசி, எண்ணெய் தடவி, வரிசையாக மாவு ஊற்றுகிறவருக்கு தோசை மாஸ்டர் என்று பெயர். சம்பளம் உண்டு, போட்டிக் கடைக்காரர் இழுத்துக்கொண்டு போகிற மதிப்பும் உண்டு. கிட்டத்தட்ட எப்போதும் அவர் ஆண்தான். அவருடைய வேலை லேசானது என்று சொல்லவரவில்லை, அந்த வெக்கையில் பத்து மணி நேரம் நிற்பது கொடுமை. இரும்பை அறிந்த கை வீட்டுக்குள் இருந்தால் கைப்பக்குவம், வெளியே இருந்தால் தொழில் என்று பிரிக்கிற கோடு எங்கே ஓடுகிறது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

மரபுப் பாத்திரக் கடைகளின் விளம்பரத்தில் எப்போதும் ஒரு பாட்டி இருக்கிறாள். சுருக்கம் விழுந்த கை, காதில் பாம்படம், முகத்தில் சிரிப்பு. அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஜியோ பேபியின் மலையாளப் படம் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) பார்த்தவர்களுக்கு அந்த மாமனாரை நினைவிருக்கும். சோறு விறகடுப்பில் வெந்திருக்க வேண்டும், சட்னி அம்மியில் அரைத்திருக்க வேண்டும், துணியைக் கையால் துவைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் மென்மையாகவே கேட்பார். அந்தப் படம் வந்தபோது கைதட்டியவர்களில் பலர் இன்று அதே பட்டியலை ஆரோக்கியம் என்ற பெயரில் வாங்குகிறோம். கேட்பது மாமனாராக இல்லாமல் நாமாகவே இருப்பது ஒரு வித்தியாசம்தான், மறுக்கவில்லை. செய்கிற கை மாறியதா என்று பார்க்க வேண்டும்.

ஆரோக்கியப் பேச்சில் முதலிடம் இரத்தசோகைக்கு. இரும்புச் சட்டியில் சமைத்தால் உணவில் இரும்பு இறங்கும் என்பது உண்மை. எத்தியோப்பியாவில் செய்து 1999இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு, இரும்புப் பானையில் சமைத்த வீட்டுக் குழந்தைகளிடம் இரத்தசோகை குறைந்ததைக் காட்டியது. ஆனால் புளிப்பான, தண்ணீர்ப்பதமான, நெடுநேரம் கொதிக்கிற உணவில்தான் அதிகம் இறங்கும். நன்றாகப் பழகிய கல்லில் இறுகிய எண்ணெய்ப் படலம் உணவுக்கும் இரும்புக்கும் நடுவே நிற்கிறது. படலம் நன்றாக இருந்தால் தோசை ஒட்டாது, இரும்பும் அவ்வளவாக இறங்காது. விளம்பரமோ ஒட்டாத கல்லையும் ஊறுகிற இரும்பையும் ஒரே விலையில் விற்கிறது. போகட்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரும்புச் சட்டியை விடாமல் புழங்கிவந்த தலைமுறைகளிலும் பெண்கள் வெளுத்துப்போய்த்தான் இருந்தார்கள். கடைசியாகச் சாப்பிட்டார்கள், மீந்ததைச் சாப்பிட்டார்கள், பிள்ளைமேல் பிள்ளை பெற்றார்கள். அதைப் பேசாமல் சட்டியை மாற்றச் சொல்வது நோயையும் மருந்தையும் அவள் தலையிலேயே வைப்பது. என் சின்ன வயதில், "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு தள்ளுவண்டிக்காரர் வருவார். உடைந்த சட்டியைப் போட்டுவிட்டு ஒரு கை பழம் வாங்குவோம். இரும்பைக் கொடுத்து இரும்புச்சத்து வாங்கிய அந்த வியாபாரம் இதைவிட நேர்மையானது என்று தோன்றுகிறது.

இந்தக் கதைகளில் முற்றாகவே இல்லாத ஒருத்தி பாத்திரம் தேய்க்க வருகிறவள். "மத்ததெல்லாம் போடு, தோசைக்கல்ல மட்டும் அவகிட்ட போடாத" என்பது நடுத்தர வீடுகளில் தாரக மந்திரம். சோப்புப் போட்டுத் தேய்த்துப் பதத்தைக் கெடுத்துவிடுவாள் என்பது வெளியில் சொல்லும் காரணம். சொல்லாத காரணம் பல வீடுகளில் சாதி. முட்டைக்கு வேறு கல், தோசைக்கு வேறு கல் என்று வைத்திருக்கும் வீட்டில் கல்லைத் தொடுவது யார் என்பதும் கணக்கில் இருக்கும். மாதத்தில் மூன்று நாள் வீட்டுப் பெண்ணே தொடக்கூடாது என்ற கணக்கும் அதே நோட்டில் இருந்ததுதான். சொல்லும் காரணமும் சரியில்லை. இறுகிய படலத்தைக் கரைக்க எரிசோடாபோலக் கடுங்காரம் வேண்டும். சாதாரணச் சோப்பு நீர் அதை ஒன்றும் செய்யாது. கெடுப்பவை கம்பி நாரும், இரவு முழுக்கத் தொட்டியில் ஊறப்போடுவதும். கம்பி நாரை வாங்கிக் கொடுப்பது யார், ஊறப்போடுவது யார்?

எங்கள் தெருவில் ஆறு வீட்டில் வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் போன வருஷம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒவ்வொரு வீடாக இரும்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பூச்சு உரிந்த ஒட்டாத சட்டி உடம்புக்குக் கெடுதல் என்று பயந்து மாற்றினார்கள். அப்படிக் கழித்த சட்டிகளில் மூன்று அவளுடைய வீட்டுக்குப் போயிருந்தன. உங்கள் வீட்டில் இரும்புக்கல் இல்லையா என்று கேட்டேன். மாமியாருடையது ஒன்று இருக்கிறதாம், துருவேறிக் கூரைமேல் பாரத்துக்குக் கிடக்கிறதாம். காலையில் ஐந்தரைக்குக் கிளம்புகிறவளுக்குச் சூடேறப் பத்து நிமிடம் கேட்கிற கல் ஆகாது, கேஸும் காசு என்றாள். மீட்டுத் தரட்டுமா என்று கேட்கலாமா என நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவள் எங்கள் மேடையில் கிடந்த பழைய ஒட்டாத சட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதத் தூக்கிப் போடப் போறீங்களாக்கா? மூடி இருந்தா அதையும் சேத்துக் குடுங்க."